திரையில் ஆடி, மைக்கில் செத்த எருது

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. நல்ல நாவலைப் பொம்மைப் படமாக எடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதத்தான் கோவர்த்தனன் டைரியைத் திறந்தான். சித்தூரில் மாலை வகுப்பில் தெலுங்கு படிக்கும் குமாஸ்தா அவன். [கோவர்த்தனன் நான்தான். மூன்றாம் ஆளாக எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது. கண்டுகொள்ள வேண்டாம்.]

முதல் தொடக்கம்: 'அன்று சித்தூர் வானில் மேகங்கள்—' பொய். அன்று வெறும் புழுக்கம்.

இரண்டாவது: 'எருது என்பது உழவனின்—' பள்ளிக்கூடக் கட்டுரை.

மூன்றாவது: நைனா மயிலையை விற்கப் போகிறார்.

இதுதான்.

2

மயிலை அவர்களுடைய குடிபாலா கிராமத்து வீட்டு ஏர்மாடு. வயதாகிவிட்டது. அதன் ஜோடியோடு பூட்டப் புது மாடு வந்தாயிற்று. வரும் சந்தையில் மயிலையை விற்பதென்று அவன் அப்பா, நைனா முனிகிருஷ்ணன், முடிவு செய்திருந்தார். கிழமாட்டை எதற்கு வாங்குவார்கள் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

'விற்காதீர்கள்' என்று கேட்க கோவர்த்தனனுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக நாவலை வாசித்துக் காட்டினான். மலைக்கு அப்பால் விற்கப்பட்ட எருது ஒன்று பழைய கொட்டிலைத் தேடி நடந்தே திரும்புகிறது. வீட்டு விளக்கு தெரிகிற தூரத்தில் விழுந்து சாகிறது. உள்ளே முதலாளி தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நைனா, "பாவம்" என்றார். எழுந்து சோறு துன்னப் போனார்.

அந்த நாவலே படமாகி டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது, கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று நைனாவையும் அழைத்துப் போனான்.

3

(கட்டுரைப் பகுதி. அவசரமுள்ளவர்கள் தாண்டலாம்.)

நியாயமாகச் சொன்னால், படத்தில் எருதின் நடை அபாரம். ஈ உட்கார்ந்த இடத்தில் தோலை மட்டும் சிலிர்க்கிறது. நாவல் நாலு பக்கம் எழுதியும் எட்டாத இடம் அது. வரைந்தவன் மாட்டுக்குப் பின்னால் நடந்தவன். ஆனால் அதே மாட்டுக்குக் கதாநாயகியின் கண்ணிமை வைத்திருக்கிறான். பாட வேறு செய்கிறது. நாவலில் எருது பேசவே பேசாது. அதனால்தான் படிக்கிற நாம் அதற்காகப் பேசிக்கொண்டிருந்தோம்.

முடிவையும் மாற்றிவிட்டார்கள். புது முதலாளி வீட்டில் எருது கோழிகளோடு நடனமாடுகிறது.

4

படம் இங்கிலீஷ். மெட்ராஸுக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே எல்லை எங்கே விழும் என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த நேரம்.* ஒரு மொழியில் மட்டும் விளக்கம் சொன்னால் கூரைக்கு ஆபத்து என்று மேனேஜர் இரண்டு மைக் வைத்தார். தெலுங்குக்கு வகுப்புத் தோழன் கங்கையா. தமிழுக்கு, நாவல் படித்தவன் என்பதால், கோவர்த்தனன்.

கடைசிக் காட்சியில் எருது ஆடத் தொடங்கியது. அதை அப்படியே தெலுங்கில் சொன்னான் கங்கையா. கொட்டகை சிரித்தது. கோவர்த்தனன் மைக்கைப் பிடித்தான். "எருது விழுந்தது," என்றான். "விளக்கு தெரிகிறது. எழ முடியவில்லை. முதலாளி ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுகிறார்..."

பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"யோவ், படத்த பாத்து சொல்லுய்யா!" என்று ஒரு குரல். "மாடு அங்க கூத்தாடுது, நீ பொணம் எடுத்துக்கினு இருக்கிற!"

* எங்கே விழுந்தது என்று எழுதப் போவதில்லை. அது வேறு சண்டை.

5

திரும்பும் வழியில் நைனா கேட்டார்: "ஏன்டா, அவன் ஆடுதுன்றான், நீ சாவுதுன்ற. எனக்கு ரெண்டு பாஷையும் புரியுது. நான் எந்தக் காதுல கேக்கறது?"

"புஸ்தகத்துல சாவுதுதானே, நைனா."

"சாவுது, சரி. மொதலாளி எங்கடா அழுதான்? நீ படிச்சப்போ தூங்கிக்கினு இல்ல இருந்தான்?"

டைரியில் இந்த வரிக்கு வந்ததும் கோவர்த்தனனின் புகார் செத்தது. படக்காரர்கள் ஊருக்காக மாற்றினார்கள். இவன் ஒரே ஓர் ஆளுக்காக.

"எனக்காண்டி சேத்தியா?"

"ஆமா நைனா."

"நேரா கேட்டா நாக்கு வெந்துடுமா?"

"மயிலைய விக்காதே, நைனா."

"வைக்கல் ரெண்டு மாட்டுக்குத்தான் இருக்குது. மூணாவதுக்கு நீ மேய்வியா, இன்னா?"

6

முடிவு அ: நைனா மனம் மாறுகிறார். [பின்னால் கோழிகள் ஆடும்.]

முடிவு ஆ: விற்றுவிடுகிறார். மயிலை நடந்தே— இல்லை. இதை எழுத என்னால் ஆகாது.

நடந்தது இவ்வளவுதான். சந்தை நாள் விடியலில் நைனா கொட்டிலிலிருந்து கூப்பிட்டார். மயிலையின் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"மைக்குல சொல்லத் தெரியுதில்ல? இப்போ சொல்லுடா. எந்தப் பக்கம் ஓட்டறது?"

வாசலில் இடப்பக்கம் சந்தைப் பாதை, வலப்பக்கம் எங்கள் உழவுக் காடு. மயிலை தோலைச் சிலிர்த்து ஓர் ஈயை விரட்டியது. ஒன்றும் பேசவில்லை.

வாசகரே, கொஞ்சம் இந்தக் கயிற்றைப் பிடியுங்கள்.