சுவரைத் தாண்டும் பொத்தான்

"அத நவுத்தாதீங்க. அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள் கேதரின்.

சவப்பெட்டி வைக்க ஹாலில் இடம் போதாது என்று நான்கு பேர் டிவி அலமாரியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே அரையடி உயர்ந்துவிட்டது. விடியற்காலையில் புருஷனைப் பறிகொடுத்தவள் இவ்வளவு நிதானமாகப் பேசுவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அலமாரியை இறக்கிவைத்தார்கள். சோபாவை எடுங்கள், சாப்பாட்டு மேசையை எடுங்கள், இதை மட்டும் தொட வேண்டாம் என்றாள். அலமாரியில் டிவி, அதற்குக் கீழே வீடியோ, அதற்கும் கீழே ஹைஃபை. ஹைஃபைக்குள் ஒரு கேசட் இருந்தது. முதல் வேலையாக அவளே போட்டு வைத்தது. பெட்டியைத் தூக்கும்போது அது பாட வேண்டும். அவளுக்கு அன்றைக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

கேசட்டில் இருந்தது அவள் புருஷன் இஞ்ஞாசிமுத்துவின் குரல்.

பாடாங் செராய் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் எஸ்டேட்டுகளில் கிறிஸ்தவர் வீட்டுச் சாவு என்றால் இஞ்ஞாசிமுத்துதான் பாடுவார். அவராகக் கட்டிய பாட்டு. எஸ்டேட்டில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதைப் பற்றியது. "வெள்ளி முளைச்சிருச்சு ஆண்டவரே, பெரட்டுல நிக்கிறோம்" என்று அவர் எடுப்பார். "பேரைக் கூப்பிடும் ஆண்டவரே" என்று கூட்டம் சேர்ந்து பாடும். கடைசியில் செத்தவரின் பெயரை அவர் மூன்று முறை கூப்பிடுவார். பெரட்டுக்கு வர முடியாத ஆளுக்கு அவன் வீட்டாள் ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்பது எஸ்டேட்டு வழக்கம். பாட்டிலும் அப்படித்தான். வீட்டாள் ஒருவர் "வந்தாச்சு ஆண்டவரே" என்று சொன்ன பிறகுதான் பெட்டி வாசலைத் தாண்டும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. பினாங்கில் ஆப்பரேஷன் செய்தால் உயிர் கொஞ்சம் நீளும், குரல் போய்விடும் என்றார்கள். பினாங்குக்குப் போவதற்கு முந்தின நாள் இஞ்ஞாசிமுத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பதிந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. வெளியே வந்து கேசட்டை அவள் கையில் கொடுத்தார். ஊருக்கெல்லாம் பாடியாச்சு, எனக்கு நானே பாடிக்கிறேன், அன்னிக்கு மட்டும் இத போடு, முன்னாடி கேக்காத என்றார். அவள் கேட்கவில்லை.

குரல் போய் வந்தவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று கேதரினின் தம்பி மோரிஸ் சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிமோட் வாங்கி வந்தான். அவன் அங்கே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். டிவிக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, ஹைஃபைக்கு ஒன்று என்று படுக்கையில் மூன்று கிடந்தன. அவர் ஒன்றை எடுத்தால் இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். புதியது மூன்றின் வேலையையும் செய்யும், ஆனால் முதலில் அது படிக்க வேண்டும் என்றான் மோரிஸ். பழையதையும் புதியதையும் மூக்கோடு மூக்கு வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் காட்டினான்.

"கல்யாணத்துல உங்க ரெண்டு பேரையும் ஒக்கார வச்ச மாதிரி வைக்கணும் மச்சான். மூஞ்சத் திருப்பிக்கிட்டா ஒண்ணும் ஏறாது."

இஞ்ஞாசிமுத்து சத்தமில்லாமல் சிரித்தார். கேதரின் அன்றே முழுவதும் கற்றுக்கொண்டாள். டிவிக்கும் வீடியோவுக்கும் போவது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், நேராகக் காட்ட வேண்டும், நடுவில் ஆள் நின்றால் செத்துப்போகும். ஹைஃபைக்கு மட்டும் மோரிஸ் ஒரு சின்னப் பெட்டியை அதே தட்டில் எதிரே ஒட்டினாற்போல் வைத்து வால் மாதிரி ஒரு வயரைத் தொங்கவிட்டான். அதற்குப் போவது ரேடியோ அலை. சுவர் இருந்தாலும் ஆள் இருந்தாலும் தாண்டிப் போய்விடும். பெட்டி அதை வாங்கி ஹைஃபைக்குச் சொல்லும்.

பிறகு ஏழு மாதம் அந்த வீட்டில் இஞ்ஞாசிமுத்து பேசியது அந்தப் பொத்தானால்தான். அறையில் படுத்தபடியே ஹாலில் பாட்டைப் போடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் சத்தம் ஏறும். வந்துவிட்டாள் என்று தெரிந்தால் இறங்கும். ஜித்ராவிலிருந்து அவருடைய அக்கா நவமணி வந்து ஹாலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்தால் ரேடியோ தானாக அலறும். நவமணி ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஹைஃபையை அணைப்பாள், இது ரொசாக்காயிருச்சு, கெட்டுப்போச்சு, வித்துத் தொலைங்க என்பாள். அறைக்குள்ளிருந்து கட்டில் குலுங்கும் சத்தம் வரும். அது அவர் சிரிப்பது என்று கேதரினுக்குத் தெரியும். நவமணியிடம் சொல்லவில்லை.

இப்போது அதே நவமணி வாசலில் டாக்சியை விட்டு இறங்கினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள், அழவில்லை. பிறகு யார் யாருக்குச் சொல்லிவிட்டது, கோயிலுக்கு எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். கேதரின் எல்லாவற்றையும் சொன்னாள், கேசட்டையும் சொன்னாள். மறைத்துச் செய்வது அவளுக்குப் பழக்கமில்லை.

நவமணி அவள் கையைப் பிடித்துக் குசினிக்குள், அடுப்புப் பக்கம் கூட்டிப் போனாள்.

"சாவு வீட்டுல பாட்டுப் பொட்டி போட்டா சனம் காறித் துப்பும். அதுவும் அவன் கொரலு. படுத்துக் கெடக்கிறவன் பாடுனா பொம்பளைங்க மயங்கி விழுந்துருவாங்க லா."

"விழுந்தா தண்ணி தெளிச்சுக்கலாம் அண்ணி."

"நீ வெளையாடுற."

"இல்ல அண்ணி. அவரு கேட்டாரு."

"அவன் ஆயிரம் கேப்பான். சின்னதுல நெலாவக் கேட்டான். நான் எடுத்துக் குடுத்தேனா?" நவமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் அது பாடாது. அதோட விடு."

அண்ணி சொல்லை கேதரின் இதுவரை தட்டியதில்லை. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவள் நவமணி. ரப்பர் பால் வெட்டப் போகும்போது அவனை முதுகில் கட்டிக்கொண்டு போனவள். அது தெரியும். ஆனால் புருஷன் கேட்டது இவளிடம்.

நவமணி ஹாலுக்குப் போய் அலமாரியின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். அறைக்குள் போய்த் தேடி, மேசை இழுப்பறையிலிருந்த மூன்று பழைய ரிமோட்டுகளையும் எடுத்தாள். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஒவ்வொரு சாமானும் அதனதன் ரிமோட்டுக்குத்தான் கட்டுப்படும் என்பது அவள் எண்ணம். ஜித்ராவில் அவள் வீட்டில் அப்படித்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, துணி போர்த்திய ஹைஃபைக்கு நேர் முன்னால் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல கனமான உடம்பு. அவளைத் தாண்டி எந்த வெளிச்சமும் போகாது.

மோரிஸ் அந்தப் பையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கேதரின் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அவன் நிமிர்ந்து மேலே சுற்றும் காற்றாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபாதர் வந்து ஜெபம் சொல்லிப் பெட்டியை மந்திரித்துவிட்டு, கோயிலில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நூர்தீன் கடையிலிருந்து வந்த தே ஓ, பாலில்லாத தேநீர், தீர்ந்தது. வாசலில் சவப்பெட்டிக் கடைச் சீனர் வேனை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, செப்பாட் லா, சீக்கிரம், மழை வரும் என்று அவசரப்படுத்தினார். யாரோ ஒருவர் பாட்டு எடுக்கப் பார்த்தார். எந்தப் பாட்டு என்று தெரியாமல் பாதியில் விட்டார். இத்தனை வருடம் அந்த வேலையை இஞ்ஞாசிமுத்து பார்த்ததால் வேறு யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கேதரின் முந்தானைக்குள் கட்டைவிரலால் அமுக்கினாள்.

நவமணியின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"வெள்ளி முளைச்சிருச்சு ஆண்டவரே, பெரட்டுல நிக்கிறோம்."

நவமணி நாற்காலியோடு குலுங்கினாள். கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், ஜிப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே மூன்றும் சும்மா கிடந்தன. யாரும் மயங்கி விழவில்லை. பெட்டியைத் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள்.

ஒரு வரியோடு குரலும் நின்றுவிட்டது.

கேசட் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. கேசட் கெட்டுப்போய்விட்டதா, அன்றைக்கு அவருக்கு மூச்சு முட்டிவிட்டதா? கேதரினின் விரல் மறுபடியும் பொத்தானைத் தேடியது. அதற்குள் அடுத்த வரி வந்தது. வந்து, நின்றது. அதே அளவு இடைவெளி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மூடிய அறைக்குள் தனியாக நின்று, ஒவ்வொரு வரிக்கும் பிறகு அவர் காத்திருந்திருக்கிறார். கூட்டம் பாடி முடிக்கும் நேரம்.

"பேரைக் கூப்பிடும் ஆண்டவரே" என்றாள் கேதரின். பாட வரவில்லை, சொன்னாள். மூன்றாவது இடைவெளியில் மோரிஸ் சேர்ந்துகொண்டான். பிறகு பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள், பிறகு வாசலில் நின்றவர்கள். அவர் எடுக்க, அவர்கள் பாட, எல்லாச் சாவிலும் போலவே நடந்தது. பெட்டி நடுஹாலைத் தாண்டியது.

நவமணி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வாசற்படிக்குப் பக்கத்தில் வரும்போது பாட்டு கடைசிக்கு வந்தது.

"இஞ்ஞாசிமுத்து" என்று கூப்பிட்டது இஞ்ஞாசிமுத்துவின் குரல்.

இடைவெளி.

"இஞ்ஞாசிமுத்து."

எல்லோரும் கேதரினைப் பார்த்தார்கள். அவள் வீட்டாள், அவள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். மூச்சை இழுத்தாள். இழுத்தவள் நவமணியைப் பார்த்தாள், பார்த்து ஒதுங்கி வழிவிட்டாள்.

"இஞ்ஞாசிமுத்து."

இந்த முறை இடைவெளி நீளமாக இருந்தது. தன் வீட்டாட்கள் உடனே பதில் சொல்லமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நவமணி எழுந்தாள். மடியிலிருந்த பை தரையில் விழுந்தது, அதை எடுக்கவில்லை.

"வந்தாச்சு ஆண்டவரே" என்றாள். பெரட்டுக் களத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். "வந்தாச்சு. எந்தம்பி வந்தாச்சு."

வாசலில் சீனர் சிகரெட்டைக் கீழே போட்டார். வேனுக்குள் கையை விட்டு எஞ்சினை அணைத்தார்.