கட்டம் போட்ட சட்டை

…அழறாரு என் வீட்டுக்காரரு, இன்னிக்கும் அந்த எடம் வந்ததும் கண்ணு தளும்பிடுச்சு, துண்டால தொடைச்சிக்கறாரு, நான் பார்க்காத மாதிரி ராட்டைய சுத்திக்கினு இருக்கேன், நூல் சுத்தற தாருக் குச்சியில பட்டு ஏறிக்கினே இருக்குது, போன் மட்டும் நிறுத்தாம சொல்லிக்கினே போவுது, மார்கழி மாதக் காலை, மருத்துவமனை வாசலில் உங்கள் மகளை முதன்முதலாகக் கையில் ஏந்தினீர்கள் பரமசிவம், உங்கள் கண்கள் கலங்கின… எவ்ளோ அழகா சொல்லுது, நியூஸ் வாசிக்கறவங்க குரலாட்டம், ஒரு இருமல் கூட கிடையாது அதுக்கு. அத்தனையும் பொய்யி. இவரு அன்னிக்கு ஆஸ்பத்திரி பக்கமே வரல. பெத்துப் போட்டுக் கெடந்த எனக்குத் தெரியாதா யாரு வந்தாங்க யாரு வரலன்னு? தெரிஞ்சிக்கினே தெனம் காலையில காபியோட சேத்து இந்தப் பொய்யயும் அவருக்குக் குடுக்கறேன், குடிச்சிட்டு எவ்ளோ சந்தோஷமா இருக்காரு மனுஷன்.

அதுக்காக இந்த போனத் திட்ட எனக்கு மனசு வராது. ஐயம்பேட்டை தாண்டி வண்டி சறுக்கி தலையில அடிபட்டு, ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சி என்னைப் பார்த்து, நீங்க யாரும்மா, ரொம்ப நேரமா நிக்கிறீங்களேன்னு கேட்டாரே, அந்த நீங்க… கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து ஒரு தடவ என்னை நீங்கன்னு சொன்ன ஆளா அது? அன்னிக்கு வெளிய வராண்டாவுல உக்காந்து நான் அழுதது ஏகாம்பரநாதருக்குத் தான் தெரியும். கைக்குத் தறி மறக்கல, ஓரத்துல ஒரு இழை அறுந்தா கண்ண மூடிக்கினு முடி போடுவாரு, ஆனா பொண்ணு பேரு தெரியல, பொண்டாட்டி பேரு தெரியல. பொண்ணு அகிலா தான் லீவு போட்டு வந்து, பீரோவுல இருந்த போட்டோ, கல்யாண கேசட்டு, அவரு பழைய வாய்ஸ் மெசேஜு எல்லாத்தையும் ஏதோ ஏஐ ஆப்புல ஏத்தி, காலையில காலையில அவரு கதைய அவருக்கே சொல்ற மாதிரி வெச்சிக் குடுத்தா. கேட்டுக் கேட்டு ஒரு நாள், குழலி, தண்ணி குடுன்னாரு. குழலின்னாரு. சொம்பு என் கையிலேர்ந்து நழுவிடுச்சு. எந்த சாமி புண்ணியமோ, எந்த மெஷின் புண்ணியமோ, நல்லா இருக்கட்டும், என் வீட்டுக்காரர எனக்கு திருப்பிக் குடுத்துச்சு.

ஆனா யாரோட கணக்குலேர்ந்து எடுத்துக் குடுத்துச்சு? அது தான் இன்னிக்கு நெஞ்ச அறுக்குது. அந்த போட்டோ… ஆஸ்பத்திரி வாசப்படியில யாரோ முதுகு காட்டி நிக்கறாங்க, தலையில முண்டாசு, நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளு மேல அகிலாவோட மூஞ்சி சின்னதா தெரியுது, இடுப்புக்குக் கீழ படம் இல்ல. பக்கத்து பெட்டுக்காரியோட தம்பி எடுத்தது. இவரு அதே சட்டையில தென்னேரி ஏரிக்கரையில நிக்கற படம் ஒண்ணு இருக்குது, ரெண்டையும் சேத்துப் பார்த்துட்டு இவரு தான்னு முடிவு கட்டிடுச்சு அந்த மெஷினு. அது இன்னாத்த கண்டுது, எங்க தெருவுல பொம்பளைங்க வேலைக்கு எறங்குனா பொடவை மேல ஆம்பள சட்டைய மாட்டி, முண்டாசு கட்டிக்கினு தான் எறங்குவோம்னு. அது கங்கையம்மா அண்ணி, இவரோட கூடப் பொறந்த அக்கா. அன்னிக்கு விடியக்காத்தால தெருவுல தறிக்குப் போற பாவு நூல விரிச்சி கஞ்சி தடவியாச்சு, வெயில் ஏறி ஒட்டிக்கறதுக்குள்ள இழை இழையா பிரிச்சி விடணும், விட்டுட்டு யாரும் நகரக்கூடாது, ஆனா அண்ணி நகந்து வந்துச்சு, சட்டையில கஞ்சி காய்ஞ்சி வெரைச்சிக்கினு இருக்க, கையக் கழுவிக்கினு, குடும்மா என் மருமவளன்னு வாங்குச்சு. சுடுதண்ணி வாங்கியாந்து எனக்கு மூஞ்சி தொடைச்சி உட்டுச்சு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் என் கால்மாட்டுலயே படுத்துக்கினு கெடந்துச்சு. கொரோனாவுல போயிடுச்சு, பக்கத்துல போயி மூஞ்சி கூட பார்க்க உடல. அதுக்கு புள்ள குட்டின்னு யாரு, பேரு சொல்ல நான் ஒருத்தி தான். என் வாயும் மூடிக்கினா அண்ணி எங்க போவும்?

மொத தடவ போன் இதச் சொன்னப்பவே திருத்தி இருக்கலாம். திருத்தலாம்னு தான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள இவரு அகிலாவுக்கு போன் போட்டு, உன்னை நான் தான்மா மொத மொத தூக்குனேன்னு தேம்பறாரு, அந்தப் பக்கம் அவ தேம்பறா. வளர்ற வயசுல அப்பா கிட்ட ஒரு வார்த்த வாங்க அவ எப்டி ஏங்கி இருக்கா, எனக்குத் தெரியாதா. உட்டுட்டேன். உட்டது தான் தப்போ இன்னாவோ, போன வாரம் தலை வாரிக்கினே அந்த நாள நெனச்சிப் பார்க்கறேன், வாசப்படியில இவரு நிக்கறாரு. இவரு மூஞ்சி. அண்ணிய காணோம். சீப்பு கையிலயே நின்னு போச்சு. இப்ப அகிலா அந்தப் படத்த பெருசாக்கி ஃப்ரேம் போடக் குடுத்திருக்கா, மத்தியானம் எடுத்துக்கினு வரப் போறா, அப்பா கையில் அகிலான்னு கீழ எழுதி. செவுத்துல மாட்டிட்டா முடிஞ்சுது. அப்புறம் நானே சொன்னாலும் எனக்கே நம்பிக்கை வருமா?

ராட்டைய நிறுத்திட்டேன். போனயும் நிறுத்திட்டு அவரு பக்கத்துல போயி உக்காந்தேன். இந்தாங்க, ஒண்ணு சொல்றேன், மனசு கஷ்டப்படக் கூடாது, அந்த போட்டோவுல இருக்கறது நீங்க இல்ல, உங்க அக்கா, உங்க சட்டைய போட்டுக்கினு வந்துச்சு. சொல்லிட்டேன். மறுபடியும் நீங்க யாரும்மான்னு கேட்டுட்டா? அவரு தறியவே பார்த்துக்கினு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, ஆமா, நான் தானே கழட்டிக் குடுத்தேன். பனியா இருக்குது, இதப் போட்டுக்கினு நீ போக்கா, பாவு நூல நான் பார்த்துக்கறேன்னு… வெறும் ஒடம்போட நின்னேன் குழலி, வெடவெடன்னு ஒதறுச்சு.

இத போன் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல, எனக்கே தெரியாதே, கொடியில கெடந்தத அண்ணி எடுத்து மாட்டிக்கினு வந்துச்சுன்னு தான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருக்கேன். பொட்டப் புள்ளன்னு தான் வரலன்னு எவ்ளோ வெறுத்து இருக்கேன் இவர. அப்புறமும் வரல தான், அது வேற, அது இன்னும் வலிக்குது தான். ஆனா ஒரு சட்டைய அனுப்பிச்சாரா? நெஜமா? இல்ல அந்த போன் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து இவரும் அதாட்டம் இல்லாதத நெரப்பிச் சொல்லக் கத்துக்கினாரா? மார்கழின்னு போன் சொல்லுது, மார்கழின்னா பனி, பனின்னா சட்டை… யாரக் கேக்கறது, அண்ணி இருந்தா கேக்கலாம். இவரு மூஞ்சியப் பார்த்தேன். அழல. அந்தப் பொய்யிக்கு தெனம் அழுவறவரு, இதுக்கு அழல, குளுர்ற மாதிரி தோளத் தேய்ச்சி உட்டுக்கினாரு.

அகிலா கூப்பிட்டா, ஃப்ரேம் கடையில தான் நிக்கறேம்மா, கீழ எழுதறது ஓகே தானேன்னு. எழுதாத மா, அது அப்பா இல்ல, கங்கை அத்தைன்னேன். அப்போ அப்பா வரலியாம்மா, குரலு உள்ள போயிடுச்சு கொழந்தைக்கு. நான் இவரப் பார்த்தேன், தோளத் தேய்ச்சிக்கினே இருந்தாரு. அத்தை கை, அப்பா சட்டை, அப்டின்னு எழுதச் சொல்லுன்னேன். அத்தைக்கு சட்டைய கழட்டிக் குடுத்து அனுப்பிச்சதே அப்பா தான்னேன், கூட இருந்து பார்த்தவ மாதிரி. சரிம்மான்னு மூக்க உறிஞ்சிக்கினே சொன்னா, இப்பவே போன்லயும் மாத்திடறேன்னா. அண்ணிக்கு எடம் கெடைச்சிடுச்சு, எனக்கு அது போதும். நாளைக்குக் காலையில அந்த நல்ல குரலு, பனி பெய்த அந்த விடியலில் உங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்தீர்கள்னு இவருக்கு சொல்லும். நானும் ராட்டைய சுத்திக்கினே கேப்பேன், இவரு அழறாரா இல்லியான்னு பார்த்துக்கினு.