நெட்டையின் கோட்

கல்லூரி நேர்காணலில் கடைசியாகக் கேட்டது, ஏன் இங்கே படிக்க விரும்புகிறீர்கள் என்று. ஆய்வகத்தையும் நூலகத்தையும் பற்றி அவள் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது அது மறந்துபோனது.

"இங்க என்னை மாதிரி நிறைய பேர் இருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

ஒரு பேராசிரியர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். இடம் கிடைத்துவிட்டது. ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்து, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் கிடைக்கும் இடம். அம்மாவின் தையல் கடைக்கு ஒரு பட்டன் வாங்க வந்தவர்கள்கூட அந்தச் செய்தியைக் கேட்காமல் திரும்பவில்லை.

வந்து பார்த்தால், வகுப்பில் பாதிப் பேர் ஒரே சில பள்ளிகளிலிருந்து வந்திருந்தார்கள். முதல் நாளே ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் நீண்ட மேசையின் ஓரத்தில் தட்டை வைப்பாள். யாராவது வந்து, பக்கத்து நாற்காலியைத் தொட்டு, "இங்க ஆள் வருதா?" என்று கேட்பார்கள். "இல்ல" என்பாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். சில நாட்களில் அவள் பேசிய ஒரே சொல் அதுவாக இருந்தது.

சாயங்காலம் தைத்துக்கொண்டே அம்மா போனில் பேசுவாள்.

"யாரோட சாப்பிட்ட?"

"எல்லாரோடயும்."

"எல்லாரோடயும்னா யாரோடயும் இல்லைன்னு அர்த்தம். ஒரு ஆளைச் சொல்லு."

தனக்கு நேர் முன் வரிசையில் உட்காரும் பெண்ணின் முதுகு அவளுக்கு நினைவுக்கு வந்தது. "ஒரு நெட்டைப் பொண்ணும்மா. என்கூடத்தான் இருப்பா."

அன்றிலிருந்து நெட்டை வீட்டு மனுஷியாகிவிட்டாள். நெட்டைக்குச் சளி பிடித்தது, இவள் போய் மருந்து வாங்கி வந்தாள். நெட்டை பரீட்சைக்கு முந்தின நாள் அழுதாள். அம்மா எடுத்த எடுப்பிலேயே, "என்னடி சொல்றா உன் நெட்டை?" என்பாள். வீட்டில் அம்மாவும் தனிதான். அவளுக்கும் ஒரு கதை வேண்டியிருந்தது.

குளிர் தொடங்கியதும் அம்மா, "அவளுக்கு ஒரு கோட் தைக்கிறேன், அளவு அனுப்பு" என்றாள்.

"அவகிட்ட இருக்கும்மா."

"இருந்தா இருக்கட்டும். என் பொண்ணுக்குத் துணையா இருக்கா, சும்மா விட முடியுமா? ஏன், ஏணி வச்சாத்தான் அளவெடுக்க முடியுமா?"

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஆய்வகத்து அளவுகோலை எடுத்துவந்து அவள் முன் வரிசை பெஞ்சின் சாய்மானத்தை அளந்தாள். நெட்டையின் தோள் எந்தத் திருகாணியிலிருந்து எந்தத் திருகாணி வரை வரும் என்பது அவளுக்குத் தெரியும். முன்பக்கம் தெரியாது.

"மத்ததெல்லாம் என்னை மாதிரிதான், நீளம் மட்டும் கொஞ்சம் கூட" என்று அம்மாவிடம் சொன்னாள்.

கோட் வந்தது. சாம்பல் நிறம், உள்ளே வழுவழுப்பான துணி. தொங்கிப்போகாமல் இருக்க பாக்கெட்டுகளின் வாயை அம்மா வெள்ளை நூலால் லேசாகத் தைத்து மூடியிருந்தாள். போடும்போது பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அடுத்த வாரம் வர்றேன்" என்றாள் அம்மா. "அதைப் போட்டுக்கிட்டு என் முன்னாடி வந்து நிக்கச் சொல்லு."

மறுநாள் அவள் கோட்டைப் பையில் வைத்து எடுத்துப் போனாள். வகுப்பு முடிந்ததும் முன் வரிசைக்குப் போய் நின்றாள். ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நெட்டை திரும்பினாள். அவள் நினைத்திருந்த முகம் அது இல்லை. இன்னும் சின்ன முகம்.

"சாரி, இது உங்க இடமா?" என்று நெட்டை தன் பையை நகர்த்தினாள்.

"இல்ல."

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"கெமிஸ்ட்ரி."

"அட, நாங்களும் அதான்." நெட்டை நல்லபடியாகச் சிரித்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

அம்மா வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டாள். "எங்க நம்ம ஆளு?"

"ஊருக்குப் போயிட்டா. திடீர்னு."

"கோட்டைப் போட்டுக்கிட்டுதானே போனா?"

"ஆமா."

விடுதி அறையில் குளிராக இருந்தது. போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று அம்மா அலமாரியைத் திறந்தாள். கோட்டை வெளியே எடுத்தாள். பாக்கெட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"நூல்கூடப் பிரிக்கல." கடையில் தைத்த துணி திரும்பி வரும்போது அம்மாவின் குரல் அப்படித்தான் இறங்கும். "அவளுக்குப் பிடிக்கலையா? காலரா?"

அப்படியே விட்டிருக்கலாம். காலர்தான் என்று சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாள்.

"அவளுக்கு என்னைத் தெரியாதும்மா" என்றாள். "நான் அவ பின்னாடி உக்காருவேன். அவ்வளவுதான்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப சளி பிடிச்சது?"

"எனக்கு."

"மருந்து வாங்கிட்டு வந்தது?"

"நான்தான் போய் வாங்கிக்கிட்டேன்."

"பரீட்சைக்கு முன்னாடி அழுதது?"

வெளியே நடைவழியில் யாரோ சிரித்துக்கொண்டே கதவைத் தட்டினார்கள். பக்கத்து அறைக் கதவு.

"எழுந்திரு" என்றாள் அம்மா. "இதைப் போடு."

கோட் அவளுக்குத் தோளில் வழிந்தது. கை விரல் நுனி வரை வந்தது. அம்மா கைப்பையிலிருந்து குண்டூசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குத்தினாள். தோளைப் பிடித்தாள், கையை மடித்தாள். கடைசி ஊசியைக் குத்திய பிறகு சொன்னாள்: "கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். டீச்சரம்மா நேத்துகூட நெட்டை சௌக்கியமான்னு கேட்டாங்க."

"என்ன சொல்லுவ?"

"ஊருக்குப் போயிட்டான்னு சொல்றேன்."

அன்று இரண்டு பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் வந்து எதிர் நாற்காலியைத் தொட்டு, "ஆள் வருதா?" என்றான். "தெரியல தம்பி, இருக்கட்டும்" என்றாள் அம்மா.

கோட்டை அம்மா கையோடு எடுத்துப் போய், பிரித்துத் தைத்து அனுப்பினாள். அது வந்த நாள் சாயங்காலம், அதைப் போட்டுக்கொண்டு அவள் சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"யாரோட சாப்பிடுற?"

"யாரோடயும் இல்ல."

"ம்." மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. "சரி, என்ன சாப்பிடுற? அதைச் சொல்லு."

சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அம்மா போனை வைக்கவில்லை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி மீதியைச் சாப்பிட்டாள்.