அண்ணன் நின்ற கட்டம்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அந்த மத்தளம். மற்ற ஆறு நாளும் கல்குவாரியில் லாரிகளை எடைபோடுகிறேன். ஞாயிறு மட்டும் தொழிலாளர் லீக்கில் பேஸ்பால் நடுவர். எடைமேடையில் என் சொல்லை யாரும் சந்தேகித்ததில்லை. மைதானத்தில் நம்புகிறவனைத் தேட வேண்டும்.

பஸ் டிப்போ அணியை உருவாக்கியது என் அண்ணன். அடித்தவன் மூன்று பேஸ்களையும் மிதித்து ஹோம் பேஸுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் போட்ட ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருடம் அதில் நின்று, ஓடிவருகிறவனைப் போகச் சொல்வதா நிற்கச் சொல்வதா என்று முடிவு செய்தவர் அவர். ஓடுகிறவன் பந்தைத் திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும். கட்டத்திலிருந்து வரும் குரலைத்தான் நம்ப வேண்டும். "போதும், நில்லு" என்று அண்ணன் கரகரத்த குரலில் சொல்லிவிட்டால் எவனும் அடுத்த அடி வைக்க மாட்டான். வீட்டில் பரிமாறும்போதும் அதே "போதும்"தான். அண்ணியின் கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் யாரும் நிற்க வேண்டாம் என்று அணியினர் முடிவெடுத்தார்கள். மரியாதையாம்.

"வெறும் இடத்துக்கு எதுக்குடா சுண்ணாம்பு? ஒரு ஆள நிறுத்துங்க" என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. வாராவாரம் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அன்றைய ஆட்டம் அச்சக அணியோடு. தோற்றால் டிப்போ அணிக்கு லீக்கில் இடமில்லை, அணி கலைந்துவிடும். அண்ணன் மகனும் அதில் ஆடுகிறான், வேறு நடுவரைப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஆள் இல்லை என்றார்கள். நான் முகக்கவசத்தை மாட்டும்போதே அச்சகத்துக்காரன் ஒருவன், "சித்தப்பா வந்தாச்சு, ஜெயிச்சது யாருன்னு எழுதிடலாம்" என்றான். இவன்கள் வாயில் மட்டும் விழக்கூடாது என்று அப்போதே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

கடைசி வாய்ப்பு. டிப்போ ஒரு ரன் பின்தங்கியிருந்தது, இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பேஸில் அண்ணன் மகன், டிப்போவில் டயர் மாற்றுகிறவன். பந்து வலது பக்கம் தூரமாகப் பறந்தது. அவன் மூன்றாம் பேஸை மிதித்துத் திரும்பி, ஹோம் பேஸில் நின்ற என்னை நோக்கி வந்தான். தாராளமாக வந்து சேர்ந்திருப்பான், ரன் சமமாகியிருக்கும்.

"போதும், நில்லு."

கரகரத்த குரல். அவன் கால் அப்படியே நின்றது. என் கண் தானாக அந்தக் கட்டத்துக்குப் போனது. சுண்ணாம்புக் கோடு, உள்ளே மண். பந்தோடு ஓடிப்போன கேட்சர் அவனை அவுட்டாக்க அவன் தோளில் கையுறையை வைத்த சத்தத்தில்தான் பார்வையைத் திருப்பினேன்.

மூன்றாம் பேஸில் அச்சக அணிக்காக நின்றவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். புத்தகம் பைண்ட் செய்கிறவன், எவர் குரலையும் அப்படியே எடுப்பான். அண்ணன் மாதிரி அண்ணன் முன்னாலேயே பேசிக் காட்டுவான், அண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

களத்தில் நிற்கிற எதிரணிக்காரன் வாயால் ஏமாற்றி ஓடுகிறவனை நிறுத்தினால், போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பேஸை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் லீக்கின் விதி அது. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கிறவன் கத்தினால் செல்லாது. யார் கத்தியது என்று நடுவருக்குத் தெரிய வேண்டும்.

"நீ கத்துனியா?" என்று ரேடியோவைக் கேட்டேன்.

"நடுவர் பாத்திருப்பீங்களே" என்றான், தரையைப் பார்த்தபடி.

அவர்கள் பெஞ்சில் ஒருவன், "பாசம் பொங்குதுடோய்" என்றான். நான் கையை மடக்கி அவுட் கொடுத்தேன்.

சாமான் அறையில் மார்புக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஆட்டத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடும்வரை முடிவை மாற்ற நடுவருக்கு உரிமை உண்டு. அண்ணன் மகன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"சித்தப்பா, கத்துனது ரேடியோதானே?"

"அவனா இருக்கும்."

"இருக்குமா?"

"அவன்தான். ஆனா வாய் அசைஞ்சத நான் பாக்கலடா. பாக்காதத எப்படி எழுதறது?"

"உங்க கண்ணுக்கு நேராதான நின்னான். எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

கவசத்தின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"அப்பாவோட கட்டத்தயா?"

தலையாட்டினேன். அண்ணன் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. சொல்லி அனுப்புவதும் வண்டி பிடிப்பதுமாகவே நாள் போய்விட்டது. இப்போதுதான் வந்தது. அவன் என் தோளில் கை வைப்பான் என்று நினைத்தேன். வைத்திருந்தால் அந்தக் கணமே தாளைக் கிழித்துப்போட்டிருப்பேன்.

அவன் வைக்கவில்லை.

"நான் அவரு மகன். அந்தக் குரலுக்கு நின்னேன், அதுல எனக்கு வெக்கமில்ல" என்றான். "நீங்க நடுவர் சித்தப்பா. எனக்குன்னு அங்க இருந்தது உங்க கண்ணு மட்டுந்தான்."

அணிச் சட்டையைக் கழற்றி மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனான். வெளியே அச்சகத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே வண்டிகளைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.