பதில் கொடுக்காத பெஞ்சுகள்

தேவாலயத்தில், அம்மாவின் சவப்பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்ற ஒஸெல்லாவை, ஆர்கன் முன் அமர்ந்திருந்த அவளுடைய அக்கா லுர்லின் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாடணும்னா பாடிக்கோ. நான் வாசிக்க மாட்டேன். இங்க ஒருத்தரும் உனக்குப் பதில் குடுக்கவும் மாட்டாங்க. சொல்லி வச்சிருக்கேன்."

"நான்தான் பாடணும்னு அம்மா கேட்டாங்கக்கா."

"கர்த்தரை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு ஆம்பளைய வச்சியே, அந்தப் பாட்டைத்தானே? பாடு. பெட்டிக்குள்ள இருக்கறவ எழுந்து ஆடறாளான்னு பாப்போம்."

துணி பிழியும்போது அம்மா பாடிய பாட்டு அது. ஒஸெல்லா அதைக் காதலனுக்கான பாட்டாக்கி, பின்னணியில் ஊதுகுழல்களைச் சேர்த்து இசைத்தட்டாக வெளியிட்டாள். புதியதோர் இசை பிறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அதற்கு, ஆன்மா என்ற பொருளில், 'சோல்' என்று பெயரும் வைத்தன. மெம்பிஸ் நகரத்து இளைஞர்கள் ஆடித் தீர்த்தார்கள். அதே வாரம் லுர்லின், தங்கையின் பாடகர்குழு அங்கியைக் கிழித்து, தேவாலயத்துத் தரையைத் துடைத்தாள்.

முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியுடன் இருந்த, சபையார் 'மதர்' என்று அழைக்கும் மூதாட்டி பெர்னிஸ், அட்டை விசிறியை நிறுத்தி ஒஸெல்லா போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். "அந்த ரோமக் கோட்டுக்கு எத்தனை உசுரு போச்சோ!"

"ஒண்ணுதான் மதர். உங்க பார்வையில இப்பப் போயிட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

அம்மாவின் சொற்களையே, ஒன்றும் மாற்றாமல், ஒஸெல்லா முதல் அடியாகப் பாடி நிறுத்தினாள். அங்கே எவரும் தனியாகப் பாடுவதில்லை. அடி முடிந்ததும் பெஞ்சுகளிலிருந்து "ஆமென்" என்றோ "விடாதே மகளே" என்றோ குரல் எழும். அதன்மீது கால் வைத்துத்தான் அடுத்த அடிக்கு ஏற வேண்டும். மேடைகளுக்கும் அவள் கொண்டுபோனது அந்த இடைவெளியைத்தான். குடிபோதையில் இருந்தவர்கள்கூட அதை நிரப்பத் தவறியதில்லை. பதில் இல்லாமல் பாடுவதற்கு அவள் தொண்டை பழகியிருக்கவே இல்லை.

விசிறிகளின் ஓசை மட்டுமே கேட்டது.

இரண்டாம் அடி பாதியில் உடைந்தது. பெர்னிஸ் உதட்டைச் சுழித்தாள். அம்மா பதிலின்றியே மண்ணுக்குள் போகப் போகிறாள் என்று ஒஸெல்லாவுக்குத் தோன்றியது. இருந்தும் இடைவெளியை விட்டாள். அதைத் தானே நிரப்ப மறுத்து, அக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

லுர்லினின் கைகள் மடியில் கோத்தபடியே இருந்தன. அப்போது தரையிலிருந்து எழுவதுபோல் கனத்த ஒற்றைச் சுரம் எழுந்தது. அனைவரும் திரும்பினர். ஆர்கன் பெஞ்சுக்கடியில், நாற்பது வருடமாகப் பாட்டுக்குப் பின்னால் போய்ப் பழகிய லுர்லினின் இடது கால், கனத்த சுரம் எழுப்பும் மிதிகட்டையை அழுத்தியிருந்தது.

"நிறுத்துடி லுர்லின்!" என்றாள் பெர்னிஸ்.

வேறு யாருடைய காலோ தன் உடம்பில் ஒட்டிக்கொண்டதுபோல், லுர்லின் அதை வெறுப்போடு குனிந்து பார்த்தாள். சுரம் நிற்கவில்லை. பெட்டியின் மேலிருந்த லில்லிப் பூக்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.