மேஸ்திரி வாசல் குழாய்

ஆம்பளைகளுக்குக் கை எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மேஸ்திரி பார்த்தால் தூக்குவதற்கு.

பேத்தமங்களா ஏரித் தண்ணீர், தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைனுக்குக் குழாய் வழியாக வரப்போகிறது என்று, ஜரிகைத் தலைப்பாகையோடு ஒரு சர்க்கார் ஆபீசர் வந்து நின்றார். லைனுக்கு ஒரே குழாய். அதை எங்கே வைப்பது என்று ஜனங்களே சொல்ல வேண்டுமாம். இனிமேல் எதையும் ஜனங்களைக் கேட்டுத்தான் செய்வார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "வீட்டுக்கு ஒரு ஆம்பளை கை தூக்கினா போதும்" என்றாரே, அப்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தண்ணீர் சுமக்கிற தலை எங்களுடையது, தூக்குகிற கை அவர்களுடையது!

இரண்டு இடம் பேச்சில் இருந்தது. ஒன்று, லைனுக்கு நடுவில் இருக்கும் வேப்பமரத்தடி. மற்றது, பெருமாள் மேஸ்திரி வீட்டு வாசல். எங்களையெல்லாம் வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குக் கூட்டி வந்தவர் அவர். யாருக்கு ஷிப்ட் உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்கிறவரும் அவரே. ஆபீசருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். "வேப்பமரத்தடி" என்று ஆபீசர் கேட்டார். ஒரு கை இல்லை. "மேஸ்திரி வாசல்" என்றார். அத்தனை கையும் எழுந்தது. என் புருஷன் தசரதன் கை எல்லாருக்கும் மேலே தெரிந்தது. உயரமான மனிதர், வேறென்ன செய்வது?

வாசலில் வைத்தால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மேஸ்திரி ஊர்க்காரர், நாங்கள் சேரி. வடாற்காட்டில் அவர்கள் கிணற்றுப் பக்கம் நாங்கள் போகக்கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை வெயிலில் நிற்க வேண்டும். என் அம்மா நின்றாள். நானும் நின்றேன். எனக்குப் பிறக்கும் பிள்ளை நிற்கக்கூடாது, அதற்காக வெடியிலும் புகையிலும் கிடந்து செத்தாலும் பரவாயில்லை என்றுதான் இங்கே வந்தோம். வாசலில் குழாய் வந்தால் மேஸ்திரி பெண்டாட்டி அதை எங்களைத் தொட விடுவாளா?

"இன்னாய்யா, கை தூக்கினியே, வெக்கமா இல்ல?" என்று வீட்டில் பிடித்துக்கொண்டேன்.

"நான் இன்னாமே பண்றது? அந்தாளு கண்ணு என் மேலயே கீது. தூக்கலன்னா நாளைக்கு ஷிப்ட் ஏது?"

"அப்போ அந்தாளு கண்ணு படாத எடத்துல சொல்றதுதானே. பூமிக்கு அடியில இருட்டுக்கா பஞ்சம்?"

ஆத்திரத்தில் சொன்னதுதான். பக்கத்து வீட்டு ஏனோக் அதைப் பிடித்துக்கொண்டார். அவரும் என் வீட்டுக்காரரும் சுரங்கத்தில் ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை செய்கிறவர்கள். மறுநாள் பகல் ஷிப்டில், கீழே, எங்கள் லைன் ஆட்கள் காலி வெடிமருந்துப் பெட்டி இரண்டை வைத்தார்கள். இடது பெட்டி மேஸ்திரி வாசல், வலது பெட்டி வேப்பமரம். கல் விழும் சத்தம் காட்டிக்கொடுக்காமல் இருக்க உள்ளே சாக்கு விரித்தார்கள். மெழுகுவத்திகளை ஊதி அணைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் தடவிக்கொண்டு போய் ஆளுக்கொரு கல் போட்டார்கள். திரும்ப வெளிச்சம் வந்தபோது இடது பெட்டியில் வெறும் சாக்குதான் கிடந்ததாம்.

அதோடு விட்டார்களா? ஆபீசருக்குச் சாட்சி வேண்டுமென்று, ஏனோக் வலது பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆளேற்றும் இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்து, நேரே சுரங்கத்து கேட்டுக்குப் போயிருக்கிறார். சுரங்கத்துக் கல்லை வெளியே கொண்டுபோனால் தங்கத் திருட்டு என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இந்தப் புத்திசாலிகளுக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது. வாச்மேன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, ஏனோக்குக்கு இரண்டு அறையும் கொடுத்து, கல்லையெல்லாம் இடிக்கிற மில்லுக்கு அனுப்பிவிட்டான். எங்கள் ஓட்டு அத்தனையும் பொடியாகப் போயிற்று.

தலையில் அடித்துக்கொண்டு நானே ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் ஆபீசரைப் பார்த்தேன்.

"சாமி, எங்காளுங்க எல்லாம் வேப்பமரம்தான் வேணும்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது? பேரைச் சொல்லு."

"பேரு சொன்னா வேலை பூடும் சாமி. அதுக்குத்தான் இருட்டுல கல்லு போட்டாங்க."

"இருட்டுல யாரு என்ன பண்ணினாங்கன்னு யாருக்கம்மா தெரியும்? பட்டப்பகல்ல என் கண்ணெதிரே கை தூக்கினாங்களே, அதைத்தான் நம்ப முடியும். சர்க்கார்மேல ஜனங்களுக்கு நம்பிக்கை வேணும்."

"எங்க நம்பிக்கை கெடக்கட்டும் சாமி. பயந்துகினு சொன்னத நம்புறீங்க, பயமில்லாம சொன்னத நம்ப மாட்டேன்றீங்களே!"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். பியூனைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பினார்.

குழாய் மேஸ்திரி வாசலிலேயே வந்தது. திறப்பு விழாவுக்கு அதற்கு மாலை போட்டு, லைன் முழுவதையும் கூட்டினார்கள். இது ஜனங்கள் ஒருமனதாகக் கேட்ட இடம் என்று ஆபீசர் பேசினார். தண்ணீர் பிடிக்க நாங்கள் முன்னால் போனோம். மேஸ்திரி பெண்டாட்டி குழாயை மறைத்து நின்றுகொண்டாள்.

"கொடத்தக் கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. கொழாய நான் தெறக்கறேன்."

என் மகள் தன் சின்னக் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். இங்கேயே பிறந்த பிள்ளை. தள்ளி நிற்க அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு கை எழுந்தது. எல்லாருக்கும் மேலே.

"வேப்பமரத்தடி, சாமி. என் பேரு தசரதன்."

"கொழாய்தான் வச்சாச்சேப்பா. இப்ப எதுக்குக் கை?" என்றார் ஆபீசர்.

எனக்கும் அதேதான் தோன்றியது. பள்ளம் தோண்டி, குழாய் புதைத்து, மாலையும் போட்டாயிற்று. இந்த மனிதனுக்கு இப்போதுதானா ரோஷம் வர வேண்டும்? ஏனோக்கும்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி பார்த்த பார்வையிலேயே நாளைய ஷிப்ட் போய்விட்டது. அடுப்பு எரியாது என்று தெரிந்தும் எனக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு ஆசை வந்தது.

"போதும், எறக்குய்யா" என்றேன். அவர் இறக்கவில்லை.

இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நானும் கையைத் தூக்கினேன். ஆபீசர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். ஆம்பளைக் கை ஒன்று என்றுதான் எண்ணினார்.