ஆடி கழியட்டும்

மாடிப்படி வளைவில் பாடை திரும்பாது என்று சொன்னது மருமகன் நல்லமுத்துதான். கடைசியில் சோலைமலையை அவருடைய தையல் நாற்காலியிலேயே உட்கார வைத்து, வேட்டியால் கட்டி, நாலு பேர் பிடித்துக் கீழே இறக்கினார்கள். ஹட்டன் கடைத்தெருவில் எத்தனையோ தோட்டத் துரைமாருக்குக் கோட்டு தைத்த மனுஷன், தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி தன் வீட்டை விட்டுப் போனார். தன் வீடு என்ன, கீழே துணிக்கடை வைத்திருக்கும் அலியார் நானாவின் வீடு. பத்து வருஷக் குத்தகை. அது இந்த மாதத்தோடு முடிகிறது.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தப்புச் சத்தம் தேய்ந்ததும் அவர் மனைவி மீனம்மா மேலே வந்து பின்னறையில் உட்கார்ந்தாள். மகள் நாகலெட்சுமி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் அடைத்திருந்த சாக்கு ஈரத்தில் ஊறித் தொங்கியது. அதன் ஓரமாகப் பனி உள்ளே புகுந்தது. டாக்டர் நிமோனியா என்றார். மீனம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டைதான்.

புதுக் கண்ணாடி வாங்கி வைத்தாயிற்று. கட்டிலுக்கடியில் பேப்பர் சுற்றிக் கிடக்கிறது. "கையெழுத்து ஆகட்டும், மறுநாளே மாட்டிர்றேன். நமக்கில்லாத வீட்டுக்கு நாம எதுக்குக் கண்ணாடி போடணும்?" என்று சோலைமலை சிரித்தார். குத்தகையை இன்னும் பத்து வருஷம் நீட்டித் தர அலியார் நானா ஒத்துக்கொண்டு, பத்திரம் எழுதும் நொத்தாரிஸையும் கையோடு கூட்டி வந்திருந்தார். பத்திரத்தை மேசைமேல் விரித்த நேரத்தில் குறுக்கே வந்தவள் மீனம்மா.

"ஆடி மாசத்துல கையெழுத்தா? நல்லாருக்கே! ஆடி கழியட்டுங்க."

"நானாவுக்கு ஏது ஆடி?" என்று சோலைமலை கேலி செய்தார். ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவள் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனுஷன். ஒரே ஒரு தடவை தட்டியிருக்கக் கூடாதா?

படியில் காலடி கேட்டது. அலியார் நானா செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். நானாவின் தங்கை மகன் இந்த மாடியைச் சாமான் போட்டு வைக்கக் கேட்டுக்கொண்டிருப்பது கடைத்தெருவுக்கே தெரியும். இதுவும் போனால் டயகமத் தோட்டத்தில் மகளுடைய லயத்து வீட்டுக்குத்தான் போகவேண்டும். பிள்ளைகளோடு அவர்களே முடங்கிக் கிடக்கும் ஒற்றைக் காம்பரா அது.

"தங்கச்சி, வீட்டப் பத்திக் கவலப்படாதீங்க. பத்திரத்த உங்க பேருக்கு எழுதச் சொல்லிட்டேன். கருமாதி முடியட்டும், கையெழுத்து வச்சுக்கலாம்."

அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது மீனம்மாவுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் நானா. நொத்தாரிஸ நாளைக்கே வரச் சொல்லுங்க."

நாகலெட்சுமி விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள். "தீட்டு வீட்டுலயா? ஆடி வேற இன்னும் முடியலையேம்மா."

"ஆடியாம் ஆடி!" மீனம்மாவின் குரல் உடைந்தது. "போதும்டி எனக்கு."

நானா தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள், தையல் மெஷினின் பலகைமேல் பத்திரத்தை வைத்து மீனம்மா கையெழுத்துப் போட்டாள். நல்லமுத்து சாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினான். அளவு கச்சிதமாக இருந்தது. அளவெடுத்தவர் தையல்காரராயிற்றே.

பொழுது சாய்ந்ததும் பனி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றது. அறை கதகதப்பாக இருந்தது. மீனம்மா அவர் படுத்த கட்டிலைத் தொடாமல் கீழே பாயை விரித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னலருகே போனாள்.

"என்னம்மா பண்றீங்க? பனி உள்ள வருமே" என்றாள் நாகலெட்சுமி.

மீனம்மா கொக்கியை விலக்கி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.